ஐந்து கோயில், ஒரு சின்னப் பிள்ளை: யார் பார்த்துக்கொள்வது?

போன லெந்து காலத்தில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், ஒரு ராத்திரி. கிளைச் சபையில் கூட்டம் முடித்து என் கணவர் வீட்டுக்கு வந்தபோது மணி 10. வழக்கமாக அந்நேரத்துக்குத் தூங்கிப்போகிற மகள் அன்றைக்கு முழித்திருந்தாள். கதவு திறந்ததும் இரண்டு கையையும் கூப்பி, "தோத்திரம் ஐயா" என்றாள். குருவானவர் வீடான குருமனைக்கு வருகிற ஊர் மொத்தமும் இவரிடம் சொல்வது அதைத்தானே. இவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். தோசையைப் பிட்டு வாயில் வைக்கும்போதுதான், "என்னைய அப்பான்னு கூப்பிட்டு எத்தனை நாளாச்சு?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவளுக்கு இரண்டரை வயது. இவர் செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு சேகரத்தின், அதாவது பக்கத்து ஊர்ச் சபைகள் சேர்ந்த ஒரு தொகுதியின், குருவானவர். தலைமைக் கோயில் ஒன்று (தேவாலயத்தைத்தான் கோயில் என்போம்), கிளைச் சபைகள் நான்கு. சபை ஊழியர் ஒருவர் இருக்கிறார். ஊழியத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது ஞாயிற்றுக்கிழமை வேலை மாதிரித் தெரியும். ஞாயிறு காலை 8:30க்கு தலைமைக் கோயில், 11 மணிக்கு ஒரு கிளை, மாலையில் இன்னொரு கிளை. செவ்வாய், புதன், வியாழன் மாலைகளில் வீட்டு ஜெபக்கூட்டமோ கிளைக் கூட்டமோ. வெள்ளி பகலில் உபவாச ஜெபம், சனி மாலை பாடகர் குழுப் பயிற்சி, ராத்திரி பிரசங்கத் தயாரிப்பு. திங்கள் ஓய்வு நாள் என்று பேர். நாங்கள் முகூர்த்தம் பார்ப்பதில்லை, மண்டபம் கிடைக்கிற நாள்தான் முகூர்த்தம். அது எப்படியோ திங்கட்கிழமையாகத்தான் அமைகிறது. இதற்கு மேல் மரணங்கள். சென்னையிலிருந்தோ மும்பையிலிருந்தோ உடல் வந்து சேரும் நேரம்தான் அடக்க ஆராதனையின் நேரம்.

அடுத்த நாள் இவருடைய டைரியை எடுத்து வைத்துக்கொண்டு மார்ச் மாதத்தை எண்ணினோம். மகள் தூங்கும் நேரம் 8:30. அதற்கு முன்னால் அப்பா வீட்டிலிருந்த மாலைகள் 31இல் 6. அதிலும் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்திருந்தார்.

சரி, என்ன செய்யலாம்? ஊழியக் குடும்பங்களில் எல்லோரும் ஏதோ ஒரு வழியில் சமாளித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் எடுத்துப் பேசினோம். சிலதை ஏற்கெனவே செய்தும் பார்த்திருந்தோம். என் உரைகல் ஒன்றுதான்: மாலை 6 மணியிலிருந்து 9 மணி வரை இந்த வழி என்ன செய்கிறது? பகலில் எங்களுக்குப் பெரிய சிக்கல் இல்லை.

எங்கே போனாலும் கூடவே கூட்டிப்போவது

பழைய தலைமுறை ஐயரம்மாமார் எல்லோரும் சொல்லும் வழி இது. (குருவானவரைத்தான் நாங்கள் ஐயர் என்போம், அவர் மனைவி ஐயரம்மா.) "நாங்க இடுப்புல வச்சுக்கிட்டே அஞ்சு பிள்ளைய வளத்தோம்" என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. சபைக்குள் வளரும் பிள்ளைக்கு மனிதர்களிடம் பயமில்லை. எங்கள் மகள் யார் மடியிலும் உட்காருவாள். கீர்த்தனையில் பல்லவி வந்ததும் கை தட்டுவாள். கூன் விழுந்த ஒரு ஆச்சி தன் முந்தானை முடிச்சிலிருந்து கருப்பட்டி மிட்டாய் எடுத்துக் கொடுப்பதற்காகவே ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருப்பாள். இந்தச் செல்வத்தை எந்தப் பள்ளிக்கூடமும் தராது.

ஆனால் கூட்டம் முடிந்து, டீ குடித்து, "ஐயா, ஒரு நிமிஷம்" என்று நிற்கிறவர்களிடம் பேசி, வீட்டுக்கு வந்து பிள்ளை கண்ணை மூட 10:15 ஆகும். கோயில் மணி எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம். காலை 5:30க்கு அடித்தால் அவளும் எழுந்துவிடுவாள். அது ஏழேகால் மணி நேரம். பகல் தூக்கம் இரண்டு மணி நேரத்தைச் சேர்த்தாலும் ஒன்பதேகால். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இந்த வயதுக்குச் சொல்லியிருப்பது 11 முதல் 14 மணி நேரம். தூக்கம் குறைந்த மறுநாள் அவள் எதற்கெடுத்தாலும் தரையில் புரண்டு அழுவாள். "ஐயர் பிள்ள இப்படியா அடம் பிடிக்கும்?" என்று யாராவது கேட்பார்கள். முந்தின நாள் அவளை 10 மணி வரை மடியில் வைத்துக் கொஞ்சியவர்களே கேட்பார்கள்.

அப்புறம் செல்போன். பிரசங்க நேரத்தில் பிள்ளை சத்தம் போடக்கூடாது என்ற பதற்றத்தில் நானே அவள் கையில் போனைக் கொடுத்திருக்கிறேன். அதே வழிகாட்டுதல் 2 வயதுப் பிள்ளைக்குத் திரை நேரம் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. மூன்று நாள் கன்வென்ஷன் கூட்டங்களில் அந்த ஒரு மணி நேரம் முதல் ஜெபத்துக்கே சரியாகப் போய்விடும். எங்களுக்கு ஒதுக்குகிற முன்வரிசை நாற்காலியோ எப்போதும் ஸ்பீக்கர் பெட்டிக்கு நேர் எதிரில்.

துக்க வீடுகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒருமுறை வேறு வழியில்லாமல் தூக்கிக்கொண்டு போனேன். குளிர்பெட்டியைப் பார்த்து, "தாத்தா ஏம்மா பெட்டிக்குள்ள தூங்குதாங்க?" என்றாள். பதில் சொல்லிவிடலாம். அழுதுகொண்டிருந்த அந்தக் குடும்பத்துக்கு முன்னால் சொல்ல முடியவில்லை.

ஆகவே இந்த வழியில் நான் வைத்துக்கொண்டது பகலை மட்டும். ஞாயிறு காலை, சபையே கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகை, மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளி. இதற்கெல்லாம் அவள் வரட்டும், ஓடட்டும், மண்ணில் புரளட்டும்.

நான் வீட்டோடு இருந்துவிடுவது

பிறந்ததிலிருந்து 14 மாதம் இப்படித்தான் இருந்தோம். பால் குடிக்கிற பிள்ளை என்பதால் சபையும் விட்டுக்கொடுத்தது. பிள்ளை நடக்க ஆரம்பித்ததும் கணக்கு மாறியது. எங்கள் சேகரத்தில் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு ஐயரம்மாதான் தலைவி. யாரும் தேர்ந்தெடுப்பதில்லை, கூடவே வந்துவிடும். சம்பளம் ஒருவருக்கு, வேலை இருவருக்கு என்பது எழுதப்படாத ஒப்பந்தம். இதை நான் குறையாக மட்டும் சொல்லவில்லை. பெண்கள் சில விஷயங்களை ஐயரிடம் வாய் திறக்கமாட்டார்கள். புருஷன் அடிக்கிறான் என்பதைச் சமையலறை வாசலில் நின்று என்னிடம்தான் சொல்வார்கள். நான் போகாத வீடுகளில் அந்தப் பேச்சு அப்படியே அமுங்கிவிடும்.

பிள்ளையின் தூக்கத்துக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. 8 மணிக்குச் சாப்பாடு, 8:30க்குத் தூக்கம், வீடு நிசப்தம். ஆனால் இந்த வழியில் என் மாலை மட்டும்தான் மாறுகிறது, இவருடையது மாறுவதில்லை. நான் எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொள்கிறேனோ அவ்வளவு நிம்மதியாக இவர் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார். "தோத்திரம் ஐயா" உருவானது இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

ஆச்சி வீடு

என் அம்மா பாளையங்கோட்டையில் இருக்கிறாள். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். "ஸ்கூல் போற வயசு வரைக்கும் எங்கிட்ட விடு" என்று அவளே கேட்டாள். ஊழியக் குடும்பங்களில் இது புதிதும் அல்ல. வெள்ளைக்கார மிஷனரிமார் பிள்ளைகளைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பியிருக்கிறார்கள். அவ்வளவு தூரம் வேண்டாம் என்றுதான் 1901இல் கொடைக்கானலில் மிஷனரிப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளியே தொடங்கினார்கள். அப்போதும் பெற்றோர் கீழே, பிள்ளைகள் மலைமேல்.

இந்தப் பேச்சில் யாராவது ஒருவர் பைபிளில் வரும் சாமுவேலை இழுத்துவிடுவார். பிள்ளை பால் மறந்ததும் அவன் தாய் அன்னாள் அவனை ஆலயத்தில் விட்டுவிடவில்லையா என்பார். விட்டாள்தான். ஆனால் அவள் விட்டது கடவுளிடம் செய்த ஒரு பொருத்தனைக்காக, தன் கூட்டங்களுக்கு இடைஞ்சலாக இருக்கிறதே என்று அல்ல. அந்தக் கதையில் என்னைப் பிடித்து நிறுத்துவது வேறொன்று. அவள் வருஷா வருஷம் ஒரு சின்னச் சட்டை தைத்துக்கொண்டு போகிறாள். பார்க்காத பிள்ளை எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று உத்தேசமாக அளவெடுத்துத்தானே தைத்திருப்பாள்.

தூரம் எங்களுக்குத் தடையே இல்லை, தடை கிழமைதான். மற்ற வேலையிலிருப்பவர்கள் சனி, ஞாயிறு போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வரலாம். எங்களுக்கு அந்த இரண்டு நாள்தான் கழுத்து வரை வேலை. திங்களில் கல்யாணம் விழுந்தால் பதினைந்து நாள் பார்க்க முடியாது. அம்மாவுக்கு 66 வயது, இரண்டு முழங்காலும் வலி. இரண்டரை வயதுப் பிள்ளைக்குப் பின்னால் முழுநாள் ஓட அவளால் ஆகாது. அவளும் அதை ஒப்புக்கொள்ளமாட்டாள்.

முழுதாக விடுவதை அன்றைக்கே தள்ளிவிட்டோம். ஆச்சி இங்கே வந்து தங்குவது வேறு விஷயம். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

பால்வாடி

பக்கத்து டவுனில் பிளே ஸ்கூல் உண்டு. வேன் 14 கிலோமீட்டர் சுற்றி வரும். பேசும்போதே விட்டுவிட்டோம். ஊருக்குள் இருக்கும் அங்கன்வாடியைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். நான் நினைத்ததைவிட அது நல்ல யோசனை.

இந்தத் திட்டம் 1975 அக்டோபர் 2இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2 வயது முடிந்தால் மதியச் சாப்பாடு உண்டு, வாரத்தில் 3 நாள் முட்டை உண்டு. காசு கிடையாது. எங்கள் மாதிரி ஆட்களுக்கு இதில் ஒரு தனி வசதி இருக்கிறது. குருவானவருக்கு சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்றல் வரும். போகிற ஊர் எதுவானாலும் அங்கேயும் ஒரு அங்கன்வாடி இருக்கும். இதே பாட்டு, இதே கொண்டைக்கடலை. பிள்ளைக்கு இடம் மாறினாலும் பழக்கம் மாறாது.

இன்னொன்றும் இருக்கிறது. அங்கே அவள் ஐயர் பிள்ளை அல்ல. டீச்சருக்கும் ஆயாவுக்கும் அவள் இருபது பிள்ளைகளில் ஒருத்தி. எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே பாயில் தூங்குகிறார்கள். தட்டைக் கவிழ்த்தால் எல்லோரையும் போல அவளையும்தான் அதட்டுவார்கள், "உங்க அப்பா யாரு தெரியுமா?" என்று யாரும் கேட்பதில்லை. "பால்வாடிக்கா அனுப்புறீங்க?" என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அந்தச் சுளிப்பில் என்ன இருந்தது என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். அதுவும் அனுப்புவதற்கு இன்னொரு காரணமாகிவிட்டது.

ஆனால் என் உரைகல்லில் உரசினால் இது பாதிதான் தேறும். சிக்கல் மாலையில், பால்வாடியோ மதியத்துக்கு மேல் மூடிவிடும். வெள்ளி உபவாச ஜெபத்துக்கும் ஆஸ்பத்திரி சந்திப்புக்கும் நான் போகலாம், வீட்டு வேலையைப் பகலிலேயே முடித்துவிட்டு மாலையில் தெளிவாக இருக்கலாம். அவ்வளவுதான்.

சபை அக்காமார்

கூட்டம் நடக்கும்போது வாலிபப் பெண் பிள்ளைகளிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு நாங்கள் முன்னால் உட்காருவது. எல்லாச் சபையிலும் இது தானாகவே நடக்கிறது. ஆசையாகத்தான் வாங்கிக்கொள்கிறார்கள். இதில் பழைய சாட்சியும் இருக்கிறது. பைபிளை மொழிபெயர்த்த ஆங்கில மிஷனரி வில்லியம் கேரி 1800இல் வங்காளத்தின் செராம்பூருக்கு வந்தபோது மனைவி மனநலம் குன்றியிருந்தார், நான்கு மகன்களும் கேட்பாரில்லாமல் வளர்ந்துகொண்டிருந்தார்கள். மொழிபெயர்ப்பில் மூழ்கியிருந்த அப்பாவால் முடியாததை ஹன்னா மார்ஷ்மன் என்ற சக ஊழியக்காரர் மனைவியும் இன்னொரு சக ஊழியக்காரரான வில்லியம் வார்டும் செய்தார்கள். மூத்த மகன் பெலிக்ஸ் பிறகு பர்மாவுக்கு மிஷனரியாகப் போனார். இதை மேடையில் சொல்லும்போது கேரியின் உழைப்பைத்தான் சொல்கிறோம். அம்மா ஸ்தானத்தில் நின்ற மார்ஷ்மன் அம்மாள் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது.

சபையே ஒரு குடும்பம் என்பது இந்த அர்த்தத்தில் நிஜம். ஆனாலும் நான் சில கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். எப்போதும் இரண்டு பேராக வைத்திருக்க வேண்டும், நான் பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டும், யார் வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு போகக்கூடாது. மிட்டாய் கேட்காமல் கொடுக்கக்கூடாது என்றும் சொல்லிப் பார்த்தேன், அது மட்டும் நடக்கவில்லை. "எங்கள நம்பலையா அம்மா?" என்று ஒரு பெண் வருத்தப்பட்டாள். நம்பிக்கை இருக்கிறது, கண்ணும் இருக்க வேண்டும் என்றேன். கோயில் வளாகம் என்றால் எல்லாரும் நல்லவர்கள் என்று கண்ணை மூடிக்கொள்வது எனக்குச் சரிப்படாது.

பகல் நேர ஆராதனைக்கு இது நன்றாக உதவும். ராத்திரிக்கு உதவாது. யார் மடியானாலும் அது தூக்கம் கெட்ட மடிதான்.

அப்பாவின் டைரி

இதுவரை சொன்ன ஐந்தையும் நாங்கள் இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து பேசினோம். (அந்த இரண்டு சாயங்காலம் கிடைக்கவே 11 நாள் ஆனது.) இரண்டாம் நாள்தான் எனக்கு உறைத்தது. பிள்ளையை நகர்த்துகிறோம், என்னை நகர்த்துகிறோம், என் அம்மாவை நகர்த்துகிறோம். இவருடைய டைரி மட்டும் பத்துக் கட்டளை எழுதிய கற்பலகை மாதிரி அசையாமல் இருக்கிறது. சொன்னேன். சண்டையாகிவிட்டது.

"மரண வீட்டுக்கு நாளைக்கு வாறேன்னு சொல்ல முடியுமா?" என்றார். முடியாதுதான். திருவிருந்தும் (ஆராதனையில் கொடுக்கும் அப்பமும் ரசமும்) குருவானவர்தான் கொடுக்க வேண்டும். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் இதெல்லாம் இவர் இல்லாமல் நடக்காது. ஆனால் மார்ச் மாத டைரியை மறுபடியும் எடுத்து, இவர் இல்லாமல் நடந்திருக்கவே முடியாத மாலைகள் எத்தனை என்று கேட்டேன். எண்ணிப் பார்த்தால் 9. மீதியெல்லாம் வீட்டு ஜெபம், கமிட்டிக்கு முந்தின கமிட்டி, பாடகர் குழுப் பயிற்சியில் சும்மா உட்கார்ந்திருப்பது, வருஷக் கணக்கை ஒருவர் வாசிக்க இன்னொருவர் கேட்பது. சபை ஊழியரோ சபையிலேயே இருக்கும் ரிட்டயர்டு வாத்தியார்களோ நடத்தக்கூடிய கூட்டங்கள்.

அப்போது இவரே வேதத்தை எடுத்தார். மோசே காலையிலிருந்து சாயங்காலம் வரை ஜனங்களுக்கு நியாயம் விசாரித்துக்கொண்டிருக்கிறான். மாமனார் எத்திரோ பார்த்துவிட்டு, இப்படிச் செய்தால் நீயும் தொய்ந்துபோவாய் ஜனங்களும் தொய்ந்துபோவார்கள், ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, பத்துப் பேருக்கு என்று ஆள் வை என்கிறார். வேலையைப் பகிர்ந்துகொடுப்பது பற்றிய பாடமாக இதை இவரே பத்துத் தடவை பிரசங்கித்திருப்பார். எத்திரோ அங்கே எதற்கு வந்தார் என்பதை மட்டும் நாங்கள் இருவரும் கவனித்ததில்லை. யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் இருக்கிறது. மோசே திருப்பி அனுப்பிவைத்திருந்த மனைவியையும் இரண்டு மகன்களையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அந்த ஆலோசனையைச் சொன்னது அதற்கு மறுநாள்.

பக்கத்திலேயே இன்னொரு உதாரணமும் இருக்கிறது. ஏமி கார்மைக்கேல் அம்மையார் இந்தப் பக்கத்து ஊர்களில் மாட்டு வண்டியில் சுற்றி சுவிசேஷம் சொன்ன மிஷனரி. 1901இல் பண்ணைவிளையில் இருந்தபோது இந்துக் கோயிலுக்கு ஒப்படைக்கப்பட்டிருந்த 7 வயதுச் சிறுமி ஒருத்தி அவரிடம் ஓடி வந்தாள். அப்புறம் பிள்ளைகள் பெருகினார்கள். அவர் ஊர் சுற்றுவதை விட்டுவிட்டு டோனாவூரில் பிள்ளை வளர்க்க உட்கார்ந்துவிட்டார். அவருடையது எங்களைவிடப் பெரிய வேலை, ஒப்பிடக்கூடாது. ஆனாலும் சுற்றிக்கொண்டே இருந்தால்தான் ஊழியம் என்ற நினைப்பை அவர் 120 வருஷத்துக்கு முன்பே இங்கேயே உடைத்துவிட்டார்.

இந்த வழிக்கு விலை உண்டு. பிள்ளையைச் சாக்குச் சொல்லி ஐயர் வீட்டில் இருக்கிறார் என்று பேசுவார்கள். பேசினார்கள். ஐயர் வராத வீட்டு ஜெபம் சப்பென்று இருக்கிறது என்று ஒரு குடும்பம் இரண்டு மாதம் ஜெபத்தையே நிறுத்திவிட்டது. தான் போகாத வீட்டைக் கடக்கும்போது இவர் பைக்கின் வேகத்தைக் குறைப்பார், எனக்குத் தெரியும். மற்ற ஐந்து வழியிலும் விலையை நானோ பிள்ளையோ அம்மாவோ கொடுத்தோம். இதில் மட்டும்தான் இவரும் சபையும் கொடுக்கிறார்கள்.

நாங்கள் எடுத்த முடிவு கலவைதான். செவ்வாயும் வியாழனும் மாலை 6 மணிக்கு மேல் இவர் வீட்டில். மரணம் விதிவிலக்கு. அந்த இரண்டு நாளின் வீட்டு ஜெபங்களைச் சபை ஊழியரும் இரண்டு வாத்தியார்களும் பிரித்துக்கொண்டார்கள். சேகர கமிட்டியில் இவர் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் பொருளாளர், "எம் பிள்ளைங்க சின்னதா இருக்கும்போது நான் கடையில இருந்தேன்" என்றார். ஆமோதிக்கிறாரா எதிர்க்கிறாரா என்று இன்றுவரை தெரியவில்லை. தீர்மானம் நிறைவேறிவிட்டது. புதன்கிழமை கூட்டத்துக்கு நான் போவதில்லை. பெண்கள் சங்கத்தை மாலையிலிருந்து மதியம் 2 மணிக்கு மாற்றினோம். வயலுக்குப் போகிற பெண்கள் சிலருக்கு அது தோதுப்படவில்லை, அதை இன்னும் சரிசெய்ய வேண்டும். ஜூனிலிருந்து மகள் பால்வாடிக்குப் போகிறாள்.

முதல் செவ்வாயன்று இவர் மகளோடு என்ன செய்வது என்று தெரியாமல் அவளை எதிரில் உட்கார வைத்து வேதாகமக் கதை சொன்னார். அவள் எழுந்து போய்விட்டாள். மூன்றாவது செவ்வாய்க்குள் அவளை முதுகில் குதிரை ஏற்றப் பழகிவிட்டார்.

டிசம்பர் மட்டும் இன்னும் தீரவில்லை. கேரல் ரவுண்ட்ஸ், கிறிஸ்மஸ் அதிகாலை ஆராதனை, 31ஆம் தேதி நள்ளிரவு ஆராதனை, ஐந்து கோயிலிலும் கலைவிழா. அந்த மாதத்தில் செவ்வாயாவது வியாழனாவது. அம்மா 20 நாள் வந்திருக்கிறேன் என்கிறாள். ஆனால் மாடி ஏற முடியாது, கீழேதான் படுக்கை வேண்டும். குருமனையில் கீழே இருக்கிற அறை ஒன்றுதான், அது சேகர ஆபீஸ். ஞானஸ்நானப் பதிவேடுகள் இருக்கும் பீரோவைத் திண்ணைப் பக்கம் நகர்த்தினால் கட்டில் நுழையுமா என்று இவர் டேப் வைத்து அளந்துகொண்டிருக்கிறார். டேப்பின் இன்னொரு முனை மகள் கையில். விடவே மாட்டேன் என்கிறாள்.